வாயிலில் கிடந்த உயிர்: நோயுற்ற நாய்களும் இஸ்லாமிய அற மரபும்

2024 ஜூலை 30ஆம் நாள் துருக்கிய நாடாளுமன்றம் தெருநாய்கள் பற்றிய சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. தெருவில் திரியும் நாய்களை உள்ளாட்சி மன்றங்கள் பிடித்துக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும். எவரேனும் முன்வந்து எடுத்து வளர்க்கும் வரை அவை அங்கேயே இருக்க வேண்டும். மனிதருக்கோ பிற விலங்குகளுக்கோ ஆபத்து விளைவிப்பவை, கட்டுப்படுத்த இயலாதவை, தொற்றுநோயோ தீராத நோயோ உடையவை ஆகியவற்றை உயிர்போக்கும் நடவடிக்கைக்கு உட்படுத்தலாம் என்பன அதன் சாரம். அந்நாட்டு அரசின் மதிப்பீட்டின்படி அங்குள்ள தெருநாய்களின் தொகை ஏறத்தாழ 40 லட்சமாகும்.

இச்சட்டத்தின் இரு விதிகளை அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் அறச்சிக்கல் புலனாகிறது. காப்பகத்து நாய்க்கு விடுதலை, அதனை எடுத்து வளர்க்க ஒருவர் வருவதில் இருக்கிறது. வருபவரோ நலமுள்ள குட்டியையே நாடுவார். வலிப்பு நோய் உடையதற்கும், சிறுநீரகம் பழுதுற்றதற்கும், வண்டியில் அடிபட்டுப் பின்கால்கள் செயலிழந்ததற்கும் கேட்பவர் அரியர். தீராத நோய் என்ற காரணத்தால் சட்டத்தின் பாதுகாப்பும் அவற்றுக்குக் குறைவு. இது துருக்கிக்கு மட்டுமே உரிய நிலையன்று. காப்பகங்கள் உள்ள நாடுகள் அனைத்திலும் இறுதிவரை எஞ்சிக் கிடப்பவை முதியனவும் நோயுற்றனவுமே. எனினும் பல நூற்றாண்டுகள் இஸ்லாமிய உலகின் தலைநகராக விளங்கிய ஒரு நகரிலும் இக்கேள்வி எழுந்துள்ளமை, நம் மரபு இதற்கு என்ன விடை வைத்திருக்கிறது என்று ஆராய நம்மைத் தூண்டுகிறது.

நாய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் மனத்தில் முதலில் எழுவது ‘நஜிஸ்’ என்ற எண்ணமே. அது பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. தூய்மை பற்றிய சட்டம் ஒன்று, உயிர் பற்றிய கடமை மற்றொன்று. இவ்விரண்டையும் நம் முன்னோர் குழப்பிக்கொள்ளவில்லை என்பதையும், நோயுற்ற நாய் அவர்களின் கருணைக்கு உரைகல்லாக விளங்கியது என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

தூய்மைச் சட்டமும் உயிரின் மதிப்பும்

நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண்ணைச் சேர்த்துக் கழுவ வேண்டும் என்பது பலரும் அறிந்த நபிமொழி. இதனை அடிப்படையாகக் கொண்டு ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகளின் அறிஞர்கள் நாய் முழுவதுமே நஜிஸ் என்றனர். ஹனஃபீ மத்ஹபின் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தில் அதன் எச்சிலே நஜிஸ், உடல் அவ்வாறன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபோ உயிருள்ள நாய் தூய்மையானதே என்றும், பாத்திரத்தைக் கழுவுதல் கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஒரு வணக்கம் என்றும் கொள்கிறது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பள்ளிவாசலினுள் நாய்கள் வந்து போவதுண்டு, அதற்காக மக்கள் தண்ணீர் தெளிப்பதில்லை என்று இப்னு உமர் (ரலி) கூறியது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. கருத்து வேறுபாடு எவ்வளவு விரிந்திருப்பினும், நாயின் அசுத்தத்தைக் காரணம் காட்டி அதனை வதைக்கலாம் என்று எந்த மத்ஹபும் கூறவில்லை.

நாய் வளர்ப்பதற்கும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க்காவல் ஆகிய தேவைகளின்றி நாய் வைத்திருப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்ற நபிமொழியை நாம் மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்காவலையும் இம்மூன்றோடு ஒப்புநோக்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் கொண்டனர். அவ்வாறே, மதீனாவில் நாய்களைக் கொல்லுமாறு ஒரு கட்டத்தில் ஆணையிடப்பட்டதும், பின்னர் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டதும் ஸஹீஹு முஸ்லிமில் பதிவாகியுள்ளன. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயமே என்ற கருத்து நபிமொழியில் வருகிறது. நிலத்தில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற பொருள்படும் ‘அல்-அன்ஆம்’ அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தோடு இது இணைத்துப் பார்க்கத்தக்கது. கடித்துத் தீங்கிழைக்கும் நாயைக் கொல்வதற்கு அனுமதி உண்டு. அவ்வனுமதி தீங்கைப் பற்றியதேயன்றி இனத்தைப் பற்றியதன்று.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் பற்றிய நபிமொழி நம் சிறுவர்களும் அறிந்தது. ஓர் அறிவிப்பில் அவர் வழிப்போக்கர். மற்றோர் அறிவிப்பில் பனீ இஸ்ராயீலைச் சேர்ந்த, ஒழுக்கம் தவறிய பெண். இருவரும் மன்னிக்கப்பட்டனர். விலங்குகளின் வகையிலும் நமக்கு நற்கூலி உண்டா என்று தோழர்கள் வினவியபோது, ஈரமான ஈரலுடைய ஒவ்வோர் உயிரிடத்திலும் உண்டு என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்த நாய் வேட்டைநாயன்று, காவல்நாயுமன்று. எவருக்கும் உடைமையானதாகவும் அது கூறப்படவில்லை. அதனால் அம்மனிதருக்குக் கிடைக்கக்கூடிய பயன் யாதொன்றும் இல்லை. அவரோ கிணற்றில் இறங்கி, தம் தோல் காலுறையில் நீர் முகந்து, அதனை வாயில் கவ்வியபடி ஏறி வந்தார். பயனற்ற உயிர்க்காகப் பட்ட உடலுழைப்பே அங்கு போற்றப்பட்டது.

ஹி. 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா நோக்கிப் படை சென்றபோது நிகழ்ந்ததாக வாகிதீ தம் ‘மகாஸீ’ நூலில் தரும் செய்தியும் இத்தகையதே. வழியில் ஒரு பெண்நாய் தன் குட்டிகளுக்குப் பாலூட்டியவாறு உறுமிக்கொண்டிருந்தது. படையினர் எவரும் அதற்கும் குட்டிகளுக்கும் இடையூறு செய்யாதிருக்கும்படி, நபி (ஸல்) அவர்கள் ஜுஐல் இப்னு சுராகா (ரலி) அவர்களை அங்கே காவல் நிறுத்தினார்கள் என்கிறார் அவர்.

பயனற்றுப்போன விலங்கின் உரிமை

ஓர் உணர்வு நிலைத்து நிற்க வேண்டுமாயின் அது சட்டமாக வேண்டும். விலங்குகளின் பராமரிப்புச் செலவை நம் ஃபிக்ஹு நூல்கள் மனைவி, மக்கள், உறவினர் ஆகியோரின் ஜீவனாம்சம் பேசும் ‘நஃபகா’ பாடத்திலேயே வைத்துள்ளன. உணவளிக்க மறுக்கும் உரிமையாளரை ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என்பதும் அங்கே விதியாக உள்ளது.

இத்துறையில் தலைசிறந்து விளங்குவது இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களின் பங்களிப்பு. திமிஷ்கில் பிறந்து, ஆட்சியாளருடன் முரண்பட்டுக் கெய்ரோவுக்குப் பெயர்ந்து, ஹி. 660இல் (கி.பி. 1262) மறைந்த இப்பெருந்தகை ‘அறிஞர்களின் சுல்தான்’ எனப் போற்றப்பட்டவர், ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். தமது ‘கவாஇதுல் அஹ்காம்’ என்னும் நூலில் மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். அவற்றுக்கு உரிய உணவுக்குச் செலவிடல். தாங்க இயலாத சுமை ஏற்றாதிருத்தல். தீங்கு செய்யும் விலங்குகளோடு சேர்த்து அடைக்காதிருத்தல். குட்டிகளை அவற்றின் கண்முன் அறுக்காதிருத்தல் என அப்பட்டியல் நீள்கிறது. முதல் உரிமையோடு அவர் சேர்த்துள்ள ஒரு நிபந்தனையே நமக்கு இங்கு முதன்மையானது. விலங்கு முதுமையுற்றாலும், எப்பயனும் பெற இயலாதவாறு நோயுற்றாலும் அச்செலவு நீங்காது என்பதே அது.

இந்நிபந்தனையின் ஆழத்தை நாம் உணர வேண்டும். உழைக்கும் மாட்டுக்கும் ஓடும் குதிரைக்கும் தீனியிட யாரும் அறிவுரை கூறத் தேவையில்லை. தன்னலமே அதனைச் செய்வித்துவிடும். தன்னலம் ஓய்ந்துபோகும் இடம் எதுவோ, அங்கேதான் கடமை தொடங்குகிறது. அந்த இடத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, அவர் எல்லைக்கல் நாட்டிவிட்டார்.

ஷாஃபிஈ நூல்களின் தயம்மும் பாடத்திலும் நம் பொருளுக்கு நேரடியாக உதவும் ஒரு சட்டம் காணப்படுகிறது. பயணி ஒருவரிடம் உள்ள தண்ணீர், மதிப்புக்குரிய ஓர் உயிரின் தாகத்துக்குத் தேவைப்படுமாயின், அவர் அதனை உளூவுக்குப் பயன்படுத்தாமல் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். ‘முஹ்தரம்’ எனப்படும் அம்மதிப்புக்குரிய உயிர்களின் வரிசையிலிருந்து கடிநாய் விலக்கப்படுகிறது. தீங்கற்ற நாயோ அதனுள் அடங்குகிறது. பயனும் தீங்கும் இரண்டுமற்ற நாயின் நிலை என்ன என்பதில் அறிஞர்களிடையே விவாதம் எழுந்தது. அதுவும் மதிப்புக்குரிய உயிரே என்பது ‘நிஹாயதுல் முஹ்தாஜ்’ ஆசிரியர் ஷம்சுத்தீன் ரம்லீ (ரஹ்) அவர்களின் கருத்து. எந்த மத்ஹபு நாயை முழுவதும் நஜிஸ் என்கிறதோ, அதே மத்ஹபு உளூச் செய்யவிருந்த தண்ணீரை அந்த நாய்க்கே கொடுத்துவிடச் சொல்கிறது! காயல்பட்டினம், கீழக்கரை முதலான நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வருவது இம்மத்ஹபே என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

உம்மு அபீதாவின் சொறிநாய்

சட்டம் காட்டிய வழியில் வாழ்ந்து காட்டியவர்களுள் ஷைகு அஹ்மத் ரிஃபாயி (ரஹ்) அவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். தென் இராக்கின் சதுப்பு நிலப்பகுதியில், வாசித்துக்கும் பஸ்ராவுக்கும் இடைப்பட்ட உம்மு அபீதா என்னும் ஊரில் வாழ்ந்து, ஹி. 578இல் (கி.பி. 1182) அவர்கள் மறைந்தார்கள். ஷாஃபிஈ சட்டம் பயின்ற அறிஞர் அவர்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் ரிஃபாயி ராத்திபு நிகழும் ஊர்கள் பல உள்ளமையால் அவர்களின் பெயர் நமக்கு அந்நியமானதன்று. ஆயினும் அந்த ராத்திபைக் காணத் திரள்வோருள் எத்தனை பேர் பின்வரும் செய்தியை அறிந்திருப்பர்?

பதினாறாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் ஷஃரானீ (ரஹ்) தமது ‘தபகாத்’ நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். சொறி பிடித்து அருவருப்பான தோற்றமடைந்த நாய் ஒன்றை உம்மு அபீதாவின் மக்கள் ஊரைவிட்டுத் தொலைவில் துரத்திவிட்டனர். இதனையறிந்த ஷைகு அவர்கள் அந்நாயுடன் வெட்டவெளிக்குச் சென்று, அதற்கு வெயில்படாதபடி ஒரு பந்தல் அமைத்தார்கள். உணவும் நீரும் அளித்து, எண்ணெய் தடவி, துணியால் சொறியைத் துடைத்து அகற்றி வந்தார்கள். நோய் நீங்கியபின் வெந்நீர் சுமந்து சென்று அதனைக் குளிப்பாட்டினார்கள். ஒரு நாய்க்கா இத்தனை கவனம் என்று வியந்து கேட்டோரிடம், இந்நாயிடம் காட்ட உன்னிடம் இரக்கம் இல்லையா என்று மறுமையில் இறைவன் வினவுவதற்குத் தாம் அஞ்சுவதாக அவர்கள் கூறினார்கள்.

ஞானியரின் வாழ்க்கை வரலாறுகளை ஆவணங்களைப் போல் கையாள முடியாது என்பதை நாம் அறிவோம். எனினும் ஒரு சமூகம் தன் பெரியார்களைப் பற்றி எவற்றை நினைவில் வைத்துப் போற்றியது என்பதே வரலாற்றுக்குரிய செய்திதான். இங்கு அற்புதம் எதுவும் கூறப்படவில்லை. ஷைகு அவர்கள் கைவைத்தவுடன் நாய் குணமடையவில்லை. எண்ணெயும் துணியும் வெந்நீரும் நாட்கணக்கில் தேவைப்பட்டன. கிணற்றருகே தண்ணீர் புகட்டியவரின் செயல் ஒரு நாழிகையில் முடிந்தது. உம்மு அபீதாவில் நிகழ்ந்ததோ நாள்தோறும் திரும்பச் செய்ய வேண்டிய பணி. அது மட்டுமன்று. பள்ளியிலும் தொழுகையிடத்திலும் தூய்மை பேண வேண்டிய ஷைகு அவர்கள் நாயை அங்கே கொண்டுவரவில்லை. அதன் இருப்பிடத்துக்குத் தாமே சென்றார்கள். தூய்மைச் சட்டமும் கருணையும் மோதிக்கொள்ளாமல் ஒருசேர நிறைவேறின.

அறிவு மரபில் நாய்

நாயைப் பற்றிய அறிவையும் நம் முன்னோர் இகழ்ந்து ஒதுக்கவில்லை. பஸ்ராவின் பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு ஹி. 255) தமது ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலின் கணிசமான பகுதியை நாயின் சார்பிலும் சேவலின் சார்பிலும் நிகழும் வாதத்துக்கு ஒதுக்கினார். பக்தாதைச் சேர்ந்த இப்னுல் மர்ஸுபான் (மறைவு ஹி. 309), ஆடையணிந்தோர் பலரைவிட நாய்கள் மேலானவை என்று பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் தொகுத்தார். நன்றி மறந்த தம் காலத்து மனிதரைச் சாடுவதற்கு அவர் நாயின் விசுவாசத்தைக் கருவியாக்கினார். நாய்க்கு வெறிநோய், தொண்டை அழற்சி, கால்நோய் ஆகிய மூன்று நோய்கள் வருமெனக் கூறும் அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூலும் அரபியில் பெயர்க்கப்பட்டு அறிஞரிடையே வழங்கியது. கால்நடை மருத்துவம் ‘பைத்தரா’ என்ற பெயரில் தனித்துறையாக வளர்ந்தது. குதிரையே அதன் முதன்மைப் பொருளாயினும், வேட்டைக்கலை நூல்கள் வேட்டைநாயின் வளர்ப்பையும் நலத்தையும் பற்றிப் பேசின.

இவ்வறிவு பெரும்பாலும் பயனுள்ள நாயைச் சுற்றியே வளர்ந்தது என்பதையும் நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். பயனற்ற தெருநாயை யார் கவனித்தனர் என்பதற்கு விடை காண நாம் இஸ்தான்புல் செல்ல வேண்டும்.

இஸ்தான்புல் தெருக்களில்

சுலைமான் கானூனியின் ஆட்சிக்காலத்தில், 1550களில், ஹாப்ஸ்பர்க் பேரரசின் தூதராக அந்நகருக்கு வந்த பூஸ்பெக் என்பவர் தம் மடல்களில் நாய்களைப் பற்றி எழுதியுள்ளார். துருக்கியர் நாயை அசுத்தமாகக் கருதி வீட்டினுள் சேர்ப்பதில்லை. நாய்களோ தனியொருவருக்கு உரியனவாக இராமல் அந்தந்தத் தெருவுக்கே உரியனவாக இருக்கின்றன. குட்டி ஈன்ற நாய் அருகில் இருப்பதை அறிந்தால் மக்கள் எலும்பும் உணவுத் துண்டுகளும் கொண்டுபோய் இடுகின்றனர், அதனை இறையச்சத்தின்பாற்பட்ட செயலாகக் கருதுகின்றனர் என்பன அவர் கண்ட செய்திகள்.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1700இல், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியால் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பப்பட்ட தாவரவியல் அறிஞர் தூர்ன்ஃபோர் தரும் விவரம் இன்னும் நுணுக்கமானது. அவரது பயண நூல் 1717இல் வெளிவந்தது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் இடுவதற்கென்றே மக்கள் இறைச்சி வாங்குகின்றனர். அவற்றின் புண்களுக்கு, குறிப்பாக வாழ்நாளின் இறுதியில் வரும் சொறிக்கு, மருந்திடுகின்றனர். நோயுற்றவை படுத்துக்கொள்ள வைக்கோல் கொண்டுவந்து பரப்புகின்றனர். ஈன்ற நாய்களும் குட்டிகளும் ஒதுங்குவதற்குச் சிறு குடில்கள் கட்டுகின்றனர். வாரத்தின் குறித்த நாட்களில் குறித்த எண்ணிக்கையிலான நாய்களுக்கும் பூனைகளுக்கும் உணவளிக்குமாறு முறையான மரண சாசனங்கள் வழியாக அறக்கட்டளைகளும் நிறுவப்படுகின்றன என்று அவர் எழுதினார்.

இவ்விருவரும் முஸ்லிம்களைப் புகழ வேண்டிய கட்டாயம் உடையோர் அல்லர். அவர்கள் கண்டதில் நாம் உம்மு அபீதாவின் பந்தலையே மீண்டும் காண்கிறோம். நாய் வீட்டுக்கு வெளியே. பராமரிப்போ தெருவின் கூட்டுப் பொறுப்பு. குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் ‘அல்-கஹ்ஃபு’ அத்தியாயமும் அவர்களின் நாயை இவ்வாறே சித்திரிக்கிறது. அது வாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடந்தது. உள்ளே சேர்க்கப்படவில்லை, கைவிடப்படவும் இல்லை. குகைவாசிகளின் எண்ணிக்கையை மக்கள் பேசும்போதெல்லாம் நாயையும் சேர்த்தே எண்ணினர் என்பதையும் இறைமறை பதிவு செய்துள்ளது.

இப்பரிவைத் தலைமுறை கடந்து நிலைநிறுத்திய அமைப்பு வக்ஃபாகும். உழைக்கும் வலிமை இழந்து உரிமையாளரால் கைவிடப்பட்ட குதிரைகளும் பிற விலங்குகளும் இறக்கும் வரை மேய்வதற்கென வக்ஃபு செய்யப்பட்ட பசும்புல்வெளி ஒன்று திமிஷ்கில் இருந்தது என்றும், பிற்காலத்தில் நகராட்சி விளையாட்டரங்கம் எழுந்தது அந்நிலத்திலேயே என்றும் சிரிய அறிஞர் முஸ்தஃபா ஸிபாயீ (1915–1964) எழுதியுள்ளார். புர்சா நகரில் காயமுற்ற நாரைகளைப் பேணுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் இல்லம் இயங்கியது. பலன் தராத உயிர்களுக்கு ஒரு நிலத்தையோ வருமானத்தையோ நிரந்தரமாக ஒதுக்கிவைத்தல், இமாம் இஸ்ஸுத்தீன் அவர்கள் கூறிய அந்நிபந்தனையின் செயல்வடிவம் அன்றி வேறென்ன?

1910: மரபு முறிந்த ஆண்டு

இம்மரபு ஒரே நாளில் அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களைப் போல் இஸ்தான்புல்லையும் ஆக்கிவிட வேண்டும் என்ற வேட்கை ஆளும் வர்க்கத்தாரிடம் வளர்ந்தது. தெருநாய் பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் கருதப்பட்டது. வெறிநோயைப் பற்றிய அச்சமும் இருந்தது. அது நியாயமான அச்சமே. அதனை அறிவியல் வழியில் எதிர்கொள்ளும் முயற்சியும் அங்கு நிகழ்ந்தது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1886இல் பாரிஸிலிருந்த லூயி பாஸ்டரிடம் ஒரு குழுவை அனுப்பினார். 1887இல் இஸ்தான்புல்லில் வெறிநோய்ச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது.

1909இல் சுல்தான் பதவி நீக்கப்பட்டு, ‘ஒற்றுமையும் முன்னேற்றமும்’ கட்சியினரின் செல்வாக்கு ஓங்கியதும் வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1910இல் நகரின் நாய்கள் கூட்டங்கூட்டமாகப் பிடிக்கப்பட்டு, மர்மரா கடலில் உள்ள ஸிவ்ரியாதா என்னும் பாறைத் தீவில் இறக்கப்பட்டன. அங்கே குடிநீர் இல்லை, உணவும் இல்லை. அவற்றின் தொகை 30,000 முதல் 80,000 வரை பலவாறாகக் கூறப்படுகிறது. பசியாலும் தாகத்தாலும் அவை மடிந்தன. அவற்றின் ஓலத்தைக் கடலில் சென்றோர் கேட்டனர். மக்களுட் பலர் இச்செயலை வெறுத்தனர். 1912இல் மர்மராப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தையும் அடுத்து வந்த போர்த்தோல்விகளையும் அப்பாவத்தின் விளைவெனப் பேசியோரும் உண்டு. அவர்களின் அந்த விளக்கத்தை வரலாற்றாசிரியர் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்று கேட்டு வளர்ந்த மக்கள், நீரற்ற தீவில் பல்லாயிரம் நாய்கள் விடப்பட்டதைக் கண்டு நடுங்கியது புரிந்துகொள்ளத்தக்கதே.

2004இல் இயற்றப்பட்ட 5199ஆம் எண் சட்டம், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. பழைய மரபுக்கு அது நெருக்கமானது. ஆனால் அப்பணி முழுமையாக நடைபெறவில்லை; நாய்களின் தொகை பெருகியது; நாய்கள் தாக்கிக் குழந்தைகள் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். தன் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் நாயின் உரிமை பற்றிப் பேச நமக்கு நா எழாது. மனித உயிரின் பாதுகாப்பு ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ஆகவே 2024ஆம் ஆண்டின் திருத்தம் வெறும் கொடுமையிலிருந்து பிறந்தது என்று கூறுவது நேர்மையாகாது. காப்பகங்களை அமைத்து முடிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு 2028 இறுதிவரை காலம் தரப்பட்டுள்ளது. இவ்விடைக்காலத்தில் நோயுற்ற நாயின் கதி என்ன என்பதே நம் கேள்வி.

நீடிக்கும் நோயும் நீடிக்கும் கடமையும்

தீராத நோய் என்பதும் வாழ இயலாத நோய் என்பதும் ஒன்றல்ல. மத்தியதரைக்கடல் நாடுகளின் நாய்களிடையே பரவலாகக் காணப்படும் லீஷ்மேனியா நோயை எடுத்துக்கொள்வோம். மணல் ஈ கடிப்பதால் பரவும் இந்நோய் நாயின் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. கிருமியை உடலிலிருந்து முற்றாக நீக்குவது அரிது. எனினும் அல்லோபியூரினால் போன்ற எளிய மாத்திரைகளை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் கொடுத்து, இரத்தத்தையும் சிறுநீரையும் அவ்வப்போது பரிசோதித்து வந்தால், பல நாய்கள் நலமுடன் வாழ்கின்றன. வலிப்பு நோய் உடைய நாய்க்கு வேளை தவறாமல் மாத்திரை வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும். நீரிழிவு உடையதற்குப் பெரும்பாலும் நாளுக்கு இருமுறை இன்சுலின் வேண்டும். அந்த இன்சுலினே 1921இல் டொரான்டோவில் நாய்கள் மீது நடத்தப்பட்ட ஆய்வுகளின் பயனாக மனிதகுலத்துக்குக் கிடைத்தது என்பதை நம் வீடுகளிலுள்ள நீரிழிவு நோயாளிகள் எண்ணிப் பார்க்கலாம். பின்கால்கள் செயலிழந்த நாய்களுட் பலவற்றுக்குச் சிறுநீரை அழுத்தி வெளியேற்றும் பணி நாள்தோறும் பலமுறை தேவைப்படுகிறது.

இத்தகைய நாயைக் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்க முன்வருபவர் ஏற்பது ஒரு நாளைய இரக்கத்தையன்று, பல்லாண்டுப் பொறுப்பை. மருந்துச் செலவு, மருத்துவரிடம் செல்லும் நேரம், தாம் வெளியூர் சென்றால் யார் பார்ப்பது என்ற கவலை ஆகிய அனைத்தையும் எண்ணிப் பார்த்தே அவர் அதனை ஏற்க வேண்டும். ஆர்வமிகுதியால் ஏற்றுச் சில மாதங்களில் திருப்பி அனுப்புவது, ஏற்காதிருப்பதைவிடக் கொடிது. அதனால்தான் இதனைத் தனியொருவரின் தலையில் சுமத்தாமல் பலர் பங்கிட்டுக்கொள்வது சிறந்தது. இடம் உள்ளவர் இடம் தரலாம். பொருள் உள்ளவர் மருந்துக்கு மாதந்தோறும் தரலாம். நேரம் உள்ளவர் உடலுழைப்பைத் தரலாம். இஸ்தான்புல்லின் ஒரு தெரு செய்ததும் இதுவே. அதனை நிலையாக்கிய வக்ஃபும் இதுவே.

சட்டத் தயக்கங்கள் எழுவது இயல்பு. நோயுற்ற நாய் காவலுக்கும் உதவாது. எனவே அதனை வைத்திருப்பது முன்னர்க் கூறிய நபிமொழியின் எச்சரிக்கைக்குள் வருமா என்று சிலர் வினவுவர். இங்கு ஃபத்வா வழங்குவது நம் பணியன்று. அது உலமாப் பெருமக்களுக்கு உரியது. எனினும் அவர்களின் சிந்தனைக்காக இரண்டைச் சுட்டுகின்றோம். அழகுக்காகவும் பெருமைக்காகவும் நாய் வளர்ப்பதும், அழியவிருக்கும் ஓர் உயிரைக் காப்பாற்றிச் சிகிச்சை அளிப்பதும் நோக்கத்தால் வேறுபட்டவை. அடுத்து, பராமரிப்பு என்றால் படுக்கையறைக்குள் சேர்த்தல் என்பது பொருளன்று. முற்றத்தில் தனிக்குடில், அதற்கென ஒரு பாத்திரம், தொட்டபின் கழுவிக்கொள்ளும் ஏற்பாடு, தொழுகைக்குத் தனி ஆடை என நம் தூய்மைச் சட்டத்தைப் பேணியவாறே இதனைச் செய்ய இயலும். வெறிநோய்க்கான தடுப்பூசியும் கருத்தடையும் முதற்கடமைகள். அண்டை வீட்டாரின் அமைதியும் பாதுகாப்பும் அவர்களின் உரிமைகள். கடித்துக் குதறும் நாயை வீட்டில் வைத்துக்கொண்டு கருணை பேசுவது கருணையாகாது. தணிக்க இயலாத வேதனையில் துடிக்கும் உயிரை மருத்துவரின் கையில் ஒப்படைப்பது பற்றியும் அறிஞர்கள் தெளிவுபடுத்த வேண்டும். ஆனால் மாத்திரையால் வாழக்கூடிய உயிரைச் செலவு கருதி மாய்ப்பது அதனோடு சேராது.

முடிவாக

நாம் நோக்கிய வரலாறு முழுவதிலும் ஒரே இழை ஓடுவதைக் காணலாம். நாயின் எச்சில் அசுத்தம் என்று கூறியவர்களே அதன் தாகத்துக்காக உளூவின் தண்ணீரை விட்டுக்கொடுத்தனர். வீட்டினுள் அதனைச் சேர்க்காதவர்களே அதன் நோய்ப்படுக்கைக்கு வைக்கோல் சுமந்தனர். விலக்கி வைத்தலும் கைவிடுதலும் வேறு வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் காலத்திலோ விலக்கி வைப்பதை மட்டும் நாம் நினைவிற்கொண்டு, மற்றதை மறந்துவிட்டோம்.

மனிதன் இறந்தபின்னும் நின்றுவிடாத நற்செயல்களுள் நிலையான தருமத்தை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். கிணறு தோண்டுவதும் பள்ளி கட்டுவதும் நம் நினைவுக்கு உடனே வருகின்றன. நாள்தோறும் இருவேளை மருந்து வேண்டி நிற்கும் ஒரு நோயுற்ற உயிருக்காக, தான் மறைந்தபின்னும் அம்மருந்து நிற்காதவாறு ஓர் ஏற்பாட்டைச் செய்து வைப்பவரும் அவ்வழியில் நடப்பவரே. அதற்கான நிலமும் பொருளும் நம்மிடம் உண்டு. அதற்கான சட்டமும் நம் நூல்களில் உண்டு. உம்மு அபீதாவின் மக்கள் அந்நாயைத் துரத்திய பின்னர், அதனைத் தேடி ஊருக்கு வெளியே சென்றவர் ஒருவர் மட்டுமே. ரிஃபாயி ராத்திபின் ஒலி நம் ஊர்களில் எழும்போதேனும், அவர்கள் அன்று வெந்நீரைச் சுமந்து நடந்த அவ்வழியை நாம் நினைவுகூர்வோமாக.